பாங்காக் போனால் முதலில் சேன் சேப் படகில் ஏறுங்கள்

பாங்காக் நகரத்தின் நடுவே சேன் சேப் என்று ஒரு கால்வாய் ஓடுகிறது. அதில் தினமும் வேலைக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் படகுச் சேவையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இது சுற்றுலாப் படகு இல்லை. மைக்கைப் பிடித்து யாரும் விளக்கம் சொல்ல மாட்டார்கள், நின்று படம் எடுக்கவும் நேரம் தர மாட்டார்கள். இருந்தாலும் முதன்முறையாக பாங்காக் போகிறவர்கள், அதிலும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு தனியாகப் போகிறவர்கள், இறங்கிய மறுநாளே இதில் ஒரு தடவை போய்வர வேண்டும் என்பேன். அந்த ஊர் நமக்குப் பிடிபட இதைவிடச் சுருக்கமான வழியும் மலிவான வழியும் நான் பார்க்கவில்லை.

பிடிபடுவது என்று ஏன் சொல்கிறேன் என்றால், பாங்காக் முதலில் ஆளைத் திணறடிக்கிற ஊர். சுவர்ணபூமி விமான நிலையத்துக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அங்கிருந்து எஸ்1 பேருந்தில் 60 பாத் (அந்த நாட்டுப் பணம்) கொடுத்து, முதுகுப்பைக்காரர்கள் தங்கும் காவ் சான் சாலைப் பக்கம் வந்து இறங்கினால் வேறு உலகம். தலைக்கு மேல் கட்டுக்கட்டாகக் கறுப்பு வயர்கள். நடைபாதையில் அடுப்பு, அடுப்பைச் சுற்றி குட்டிக் குட்டி ஸ்டூல்கள், மிச்சமிருக்கும் ஒரு முழ இடத்தில் மோட்டார் சைக்கிள். சிக்னலில் சிவப்பு விழுந்தால் எப்போது மாறும் என்றே தெரியாது. அந்த இடைவெளியில் பைக்குகள் எல்லாம் கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்து முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. பச்சை விழுந்ததும் ஐம்பது அறுபது பைக்குகள் ஒரே நேரத்தில் கிளம்புகிற சத்தத்தில் சாலையோரம் நின்ற நான் இரண்டடி பின்னால் போனேன்.

குறுக்கு வழியில் போகலாம் என்று ஒரு சந்துக்குள் நுழைந்தால் அது போய் ஒரு வீட்டுச் சுவரில் முட்டி நிற்கும். அங்கே சந்துக்கு ‘சோய்’ என்று பெயர். முன்பு வயலாகவும் தோட்டமாகவும் இருந்த நிலங்களை அவரவர் தனித்தனியாக மனை பிரித்து விற்றபோது உருவான சந்துகள் இவற்றில் பல. அதனால் ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லாமல் முட்டுச்சந்தாகவே நின்றுவிட்டன. அத்தனை வண்டிகளும் கடைசியில் சில பெரிய சாலைகளில்தான் வந்து விழ வேண்டும். அந்தப் பெரிய சாலைகளில் சீலோம், நான்காம் ராமா போன்றவற்றை ஒட்டி ஒரு காலத்தில் கால்வாய்கள் ஓடின. அவற்றை மூடித்தான் சாலையை அகலப்படுத்தினார்கள். படகில் போய்க்கொண்டிருந்த ஊரைச் சாலைக்கு மாற்றியதால் வந்த நெரிசல் இது. இதெல்லாம் தெரியாமல் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தால் மண்டை காய்ந்துவிடும்.

போதாததற்கு அரண்மனைப் பக்கம் போனபோது நல்ல சட்டை போட்ட ஒருவர் தானாக வந்து, இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, 20 பாத் கொடுத்தால் இந்த டுக்டுக்கில் (நம் ஊர் ஆட்டோ மாதிரி) வேறு கோயில்களைச் சுற்றிக் காட்டுவார்கள் என்று மிகவும் அக்கறையாகச் சொன்னார். அந்த வண்டியில் ஏறினால் கடைசியில் ரத்தினக்கல் கடைக்கோ தையல் கடைக்கோ கொண்டுபோய் நிறுத்துவார்கள். நான் கும்பிடு போட்டுவிட்டு நடந்தேன், வாசல் திறந்துதான் இருந்தது. ஆனால் பெண்ணாகத் தனியாகப் போகும்போது, யார் பேச்சை நம்புவது என்ற யோசனையே பாதி சக்தியை உறிஞ்சிவிடுகிறது. அதனால் எந்தப் புது ஊருக்குப் போனாலும் உள்ளூர்க்காரர்கள் வேலைக்குப் போகிற வண்டி எது என்று விசாரிப்பேன். அங்கே விலை பேச வேண்டியதில்லை, யாரும் நம்மைக் கண்டுகொள்வதும் இல்லை. பாங்காக்கில் அப்படிக் கிடைத்ததுதான் இந்தப் படகு.

படகுப் பாதையின் மேற்கு முனை பான் ஃபா படகுத்துறை. காவ் சானிலிருந்து ராட்சதம்னோன் சாலையைப் பிடித்து ஜனநாயக நினைவுச் சின்னத்தைத் தாண்டி நேராக நடந்தால் இருபது நிமிடம் ஆகும். வழியில் வலப்பக்கம் லோஹா பிரசாத் என்ற பௌத்தக் கோயில் கட்டடம் இருக்கிறது. 37 கோபுர முனைகள் கொண்ட அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டே போகலாம். அதைத் தாண்டி மஹாகான் கோட்டையின் வெள்ளைச் சுவர், பாலம், பாலத்தை ஒட்டிப் படிகள். கீழே தண்ணீரின் நிறம் கிட்டத்தட்டக் கறுப்பு. பின்னால் குன்றின் மேல் வாட் சகேத் கோயிலின் தங்கக் கோபுரம் தெரியும். துறையில் டிக்கெட் கவுண்டரைத் தேட வேண்டாம். பேசாமல் படகில் ஏறி உட்காருங்கள்.

பான் ஃபாவில் படகு காலியாக நிற்பதால் ஏறுவது சுலபம். நடுவில் உள்ள துறைகளில்தான் விஷயம் இருக்கிறது. படகு வந்து துறையில் கட்டியிருக்கும் டயர்களில் இடிக்கும். முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆள் கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வார். அந்தச் சில நொடிகளில் இறங்குகிறவர்கள் இறங்க, ஏறுகிறவர்கள் ஏற வேண்டும். படகுக்குக் கதவு கிடையாது. பக்கவாட்டு விளிம்பைத் தாண்டி, கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே கால் வைக்க வேண்டும். உயரமான செருப்பு போட்ட அலுவலகப் பெண்கள் ஒரு கையில் காபிக் கோப்பையோடு இதைச் செய்கிறார்கள். எனக்கு முதல் தடவை முன்னால் நின்ற பாட்டி கை கொடுத்தார்.

அப்புறம் நடத்துநர். இந்தச் சேவையில் நான் மிகவும் மதித்துப் பார்த்தவர்கள் இவர்கள்தான். படகுக்குள் நடுவே நடக்க வழி இல்லை, உட்காரும் பலகைகள் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை நீள்கின்றன. அதனால் நடத்துநர் படகின் வெளி விளிம்பில், ஒரு பாதம் வைக்கும் அகலத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டே வருகிறார். படகு முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, அவர் வீட்டுத் திண்ணையில் நடப்பதுபோல நடந்து வருகிறார். தலையில் ஹெல்மெட், ஏனென்றால் வழியெங்கும் தாழ்வான பாலங்கள். நான் போன படகில் இருந்தவர் நடுத்தர வயதுப் பெண். இறங்க வேண்டிய துறையின் பெயரைச் சொன்னேன். விரல்களைக் காட்டித் தொகையைச் சொன்னார், வாங்கிக்கொண்டு சுருளிலிருந்து ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சரியாக அந்த நேரம் பாலம் வந்தது. பேச்சை நிறுத்தாமலே குனிந்தார், பாலம் போனதும் நிமிர்ந்து மீதிச் சில்லறையைக் கையில் வைத்தார். சில பாலங்களுக்கு அடியில் படகின் கூரையையே கீழே இறக்குகிறார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான்.

விளிம்பில் உட்கார்ந்தால் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. படகின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் திரை, அதை மேலே தூக்க ஒரு கயிறு. எதிரே படகு வந்தால் அலை எழும்பி உள்ளே தண்ணீர் அடிக்கும். அப்போது விளிம்பில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் திரையைத் தூக்க வேண்டும், எதிர்ப்படகு போனதும் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே புழுங்கும். இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. என் பக்கத்தில் ஒரு பெண் மடியில் கைப்பையும் மூக்கில் கைக்குட்டையுமாகத் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். எதிர்ப்படகின் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே கயிற்றை இழுத்தார். இரண்டாவது தடவை கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார். அந்த ஊரில் எனக்கு யாரோ ஒரு பொறுப்பைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அது தந்த சந்தோஷத்தை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

வழி முழுக்க ஊரின் பின்பக்கம் தெரிகிறது. துணி காயும் கொடிகள், தொட்டிச் செடிகள், சமையலறை ஜன்னல்கள், கோயில்களின் பின்வாசல். முதலில் போபே, துணி மொத்தச் சந்தை. கொஞ்ச நேரத்தில் பான் க்ருவா. முதலாம் ராமா மன்னர் காலத்தில் சயாமுக்காக (தாய்லாந்தின் பழைய பெயர்) போரிட்ட, சாம் என்ற இனத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த நிலம் இது. அவர்கள் வழிவந்தவர்கள் பட்டு நெய்தார்கள். கால்வாய்க்கு எதிர்க்கரையில் வீடு கட்டிக்கொண்ட ஜிம் தாம்ப்சன் என்ற அமெரிக்கர் அந்தப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார். 1967இல் மலேசியாவின் கேமரன் மலைப் பகுதியில் காணாமல் போனவர், கிடைக்கவே இல்லை. அவருடைய தேக்கு வீடு இப்போது அருங்காட்சியகம். ஹுவா சாங் துறையில் இறங்கினால் நடந்தே போகலாம். சியாம் பகுதியின் பெரிய மால்களுக்கும் அதே துறைதான்.

கால்வாயும் சும்மா வெட்டியது இல்லை. வியட்நாமோடு நடந்த போரில் கம்போடியா பக்கம் படையும் தளவாடமும் கொண்டுபோவதற்காக மூன்றாம் ராமா மன்னர் 1837இல் தொடங்கி 1840இல் முடித்தது. பயணிகள் படகு வந்தது 1990இல். நெரிசலில் சாலைகள் நகராமல் நின்ற காலம்.

அடுத்து பிரதுனாம். ஜவுளி வாங்கப் போகிற நம் ஊர் வியாபாரிகளுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரிந்திருக்கும். இங்கே எல்லோரும் இறங்கி வேறு படகுக்கு மாற வேண்டும். சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அடுத்த படகில் காட்ட வேண்டும். இங்கிருந்து நான்முக பிரம்மா சன்னிதியான எரவானுக்கு நடந்துவிடலாம். கூட்டத்தோடு நகர்ந்தால் மாற வேண்டிய படகு தானாகக் கண்ணில் படும்.

நான் மாறி உட்கார்ந்து கிழக்கே போனபோதுதான் ஊர் எனக்குப் பிடிபட்டது. அங்கிருந்து கால்வாய் இரண்டு பெரிய சாலைகளுக்கு நடுவே போகிறது. வடக்கே பெட்சபுரி, தெற்கே சுகும்வித். சுகும்வித் சாலையின் ஒற்றைப்படை எண் சந்துகள் எல்லாம் வடக்குப் பக்கம், அதாவது கால்வாய் பக்கம். நானா என்றால் 3ஆம் சந்து, அசோக் என்றால் 21, தொங்லோ என்றால் 55. அதே பெயர்களில்தான் படகுத்துறைகளும் வரிசையாக வருகின்றன. முந்தின நாள் தலையைச் சுற்ற வைத்த சந்துகள் எல்லாம் ஒரே கோட்டில் தொங்குகின்றன என்று தெரிந்ததும் மனதில் இருந்த பயம் பெருமளவு போய்விட்டது. அதன்பிறகு எங்கே வழி தவறினாலும் கால்வாய் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

குறைகள் இருக்கின்றன. தண்ணீர் அழுக்கு, வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறும். இஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. தெறிக்கும் தண்ணீர் கண்ணிலும் வாயிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2016 மார்ச்சில் ஒரு படகில் வெடிப்பு ஏற்பட்டு 50 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். அதைப் படித்த பிறகு ஏறியதும் உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். முழங்கால் வலி உள்ள பெற்றோர், கைக்குழந்தை இவர்களோடு போகிறவர்களுக்கு இதைச் சொல்லவே மாட்டேன். அவர்களுக்கு சாவ் பிரயா ஆற்றில் ஓடும் ஆரஞ்சுக் கொடிப் படகு போதும், அது அகலமானது, நிதானமாக நிற்கும். இறங்க வேண்டிய துறையை அறிவித்துச் சொல்ல ஏற்பாடு இருந்தால் புதியவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். துறைகளில் ஆங்கிலப் பெயர்ப்பலகை உண்டு, ஆனால் திரை தூக்கியிருக்கும்போது படிக்க முடியாது. போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்வதே நல்லது. இதற்கெல்லாம் சேர்த்து ஒரு மார்க்தான் குறைப்பேன். ஐந்துக்கு நாலு.

கட்டணம் தூரத்துக்கு ஏற்ப மாறும், டீசல் விலையைப் பொறுத்தும் மாறும். நான் கொடுத்தது இருபது பாத்தை ஒட்டித்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனை வாட் ஸ்ரீபூன்ருவாங் வரை சுமார் 18 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். பெரிய முதுகுப்பையைத் தங்கும் இடத்தில் வைத்துவிட்டுச் சின்னப் பையோடு போங்கள், உட்கார்ந்தபின் அது மடியில் இருக்கட்டும். காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள், அந்த நேரத்தில் நாம் இடத்தை அடைக்கக் கூடாது. பத்து மணிக்கு மேல் போனால் உட்கார இடம் கிடைக்கும். இரவு ஏழு மணிக்கு மேல் படகை நம்ப வேண்டாம், சனி ஞாயிறுகளில் இன்னும் சீக்கிரமே நின்றுவிடும். நூறு பாத் நோட்டை நீட்டினால் நடத்துநர் வாங்கிக்கொள்வார், ஆனால் ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சில்லறை எண்ணுகிறவருக்காக இருபது பாத் நோட்டுகளை மாற்றி வைத்துக்கொண்டு ஏறுங்கள்.