ராத்திரி வாயில் எதை மாட்டுவது: நைட் கார்டா, தாடைக் கருவியா, சிபாப்பா?

கல்யாணத்துக்கோ அறுபதாம் வயதுச் சாந்திக்கோ பங்காளிகள் எல்லாரும் கூடி, முற்றத்தைச் சுற்றிய வளவில் பாய் விரித்து வரிசையாகப் படுக்கும் இரவில்தான் பல செட்டிநாட்டு வீடுகளில் இது வெளியே தெரியும். ஒருவர் பல்லை நறநறவென்று அரைக்கிறார். இன்னொருவர் குறட்டை விடுகிறார், நடுவில் சத்தமே நின்றுபோகிறது, பிறகு திணறி மூச்சை இழுக்கிறார். காலையில் காரைக்குடியில் பல் டாக்டரைப் பார்க்கப் போனால் இருவர் கேட்பதும் ஒன்றுதான்: "ராத்திரி மாட்டிக்கிற மாதிரி ஒரு கிளிப் போட்டுக் குடுங்க." ஆனால் முதலாமவருக்கு வேண்டியது பற்களை மூடும் உறையான நைட் கார்டு; அது இரண்டாமவருக்கு ஆகாது.

எதை மாட்டுவதற்கு முன்னும், தூக்கத்தைக் கெடுப்பது சொத்தைப் பல்லா என்று பார்த்துவிட வேண்டும். பல்லின் உள்கூழ் வீங்கியிருந்தால் படுத்ததும் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடி வலி விண்விண்ணென்று தெறிக்கும். எழுந்து உட்கார்ந்தால் சற்று அடங்கும். சீப்புச்சீடையைக் கடிக்கும்போது சும்மா இருந்து, கடியை விடும் கணத்தில் சுரீரென்றால் பல்லில் விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். இந்த இரண்டுக்கும் வேர் சிகிச்சையோ கேப்போ தேவைப்படலாம். மேலே கார்டை மாட்டி மூடி வைத்தால் நாள்தான் போகும்.

பல் கடிப்பவருக்கு மூன்று வழிகள். கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவாக்கும் கார்டு, விளையாட்டு வீரர்களுக்காக வந்தது. தடிமன் அதிகம், கடைசிக் கடைவாய்ப்பல்வரை பெரும்பாலும் எட்டாது. மூடாமல் விட்ட பல்லுக்கு எதிர்ப்பல் தட்டாததால் அது மெல்ல வளர்ந்து இறங்கும். சில மாதங்களில் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் போகும். ஓரிரு வாரத்துக்கு மேல் இதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, பல் டாக்டர் அளவெடுத்துச் செய்யும் மென்மையான கார்டு. சுமார் 3 மி.மீ. பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, பல் அச்சின் மேல் வெற்றிடத்தில் உறிஞ்சி ஒட்டவைப்பார்கள். மறுநாளே கிடைக்கும், வாய்க்கும் சுகம். அந்தச் சுகம்தான் தொல்லை. ரப்பர்போல் இருப்பதால் சிலர் தூக்கத்தில் அதையே சவைக்கத் தொடங்குவார்கள். 1987-இல் பத்துப் பேரிடம் செய்த ஆய்வில், கடினமான கார்டு போட்டபோது எட்டுப் பேருக்குத் தாடைத் தசையின் வேலை குறைந்தது. மென்மையான கார்டில் ஐந்து பேருக்குக் கூடியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் வெறும் சுகத்துக்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு. பலமாக அரைப்பவர் ஒரு வருடத்துக்குள் இதில் ஓட்டை போட்டுவிடுவார்.

மூன்றாவது, மேல்வரிசையில் மாட்டும் கடினமான அக்ரிலிக் கார்டு. எங்கள் ஓட்டு இதற்கே. மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டுக்கும் அளவெடுத்து, கடியையும் பதிவு செய்து லேபுக்கு அனுப்ப வேண்டும். கடைவாய்ப் பக்கம் சுமார் 2 முதல் 3 மி.மீ. தடிமன் போதும். வந்த கார்டை அப்படியே மாட்டி அனுப்பினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். பல் படும் இடத்தில் சாயம் ஒட்டும் நீலத் தாளை நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னால், ஒவ்வொரு கீழ்ப்பல்லுக்கும் ஒரு புள்ளி, எல்லாம் ஒரே அடர்த்தியில் விழ வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கோரைப்பல்லின் கோடு மட்டும் தெரிய வேண்டும். ஒரே ஒரு கடைவாய்ப்பல்லில் கருநீலத் திட்டு இருந்தால், காலையில் அந்தப் பக்கத்து நெற்றிப்பொட்டு வலிக்கும். இரண்டு மூன்று முறை போய்த் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். இதுவும் பல் கடிப்பதை நிறுத்தாது. பல் தேய்வதற்குப் பதில் அது தேயும், அவ்வளவுதான்.

குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ளவருக்கு இதே கார்டைப் போட்டால் சிலருக்கு மூச்சுத் தடை கூடிவிடும். மேல்வரிசையில் தடிமன் ஏறுவதால் கீழ்த்தாடை திறந்து பின்னால் சாய்கிறது, நாக்கும் கூடவே தொண்டைப் பக்கம் போகிறது. அதனால் முதலில் தூக்கப் பரிசோதனை. மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற எண் வரும்: 5 முதல் 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

லேசான, நடுத்தர நிலைக்குத் கீழ்த்தாடையை முன்னிழுக்கும் தாடைக் கருவி (மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என இரட்டையாக இருக்கும்) நல்ல தேர்வு. கரண்ட் வேண்டாம், சத்தம் இல்லை, ரயிலிலும் மாட்டலாம். அதிகபட்சம் எவ்வளவு முன்னே நீட்ட முடியுமோ, அதில் பாதி அளவில் தொடங்கி, அரை மி.மீ. போலச் சிறுகச் சிறுக நகர்த்துவார்கள். ஆனால் இது பல்லைப் பிடித்துத்தான் நிற்கிறது. வரிசைக்கு எட்டுப் பத்துப் பற்களாவது உறுதியாக இருக்க வேண்டும். ஈறு கரைந்து ஆடும் பல்லில் மாட்டினால் பல்லே நகரும். பாக்கு, புகையிலை போட்டு வாய் இறுகி, மூன்று விரல் நுழையாதவருக்கு அளவெடுப்பதே சிரமம். வருடக்கணக்கில் மாட்டுபவருக்குக் கடியும் சற்று மாறும்.

கடுமையான நிலைக்கு, 1981-இல் ஆஸ்திரேலியாவில் அறிமுகமான சிபாப்தான் முதல் தேர்வு. மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும். வாயைத் திறந்து தூங்குபவருக்குக் காற்று கசிந்து நாக்கு வறளும்; எச்சில் இல்லாத வாயில் சொத்தை வேகமாக வரும். ஈரப்பதமூட்டி வேண்டும், கரண்ட் போகும் ஊரில் இன்வெர்ட்டரும் வேண்டும். பல்செட் வைத்த ஆச்சிகளுக்குத் தாடைக் கருவி பெரும்பாலும் நிற்காது, இதுதான் வழி. செட்டைக் கழற்றினால் கன்னம் ஒட்டி மாஸ்க் கசியும் என்பதால், கழற்றிய நிலையிலேயே மாஸ்க்குக்கு அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் விசேஷத்துக்கு வருகிறவர்கள் வந்திறங்கிய மறுநாளே அளவு கொடுத்தால் கடினமான கார்டு முடிந்து, ஒரு முறை தேய்த்துப் பார்க்கவும் நேரம் இருக்கும். தாடைக் கருவியை அந்த அவசரத்தில் செய்துகொள்ள வேண்டாம். படிப்படியாக நகர்த்தவே சில வாரங்கள் ஆகும், அதை இருக்கும் ஊரிலேயே செய்வது நல்லது. எந்தக் கார்டானாலும் பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவி, காற்றுப் போகும் டப்பாவில் வையுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் மென்மையான கார்டு கோணிக்கொள்ளும். பிறகு எப்படி அழுத்தினாலும் உட்காராது.