ஆட்டத்துக்கு வாங்கலாம், வதந்திக்கு வேண்டாம்: ஒரு கூடைப்பந்து ஆப் பற்றி

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ ஆட்டங்களைப் பின்தொடர இந்த ஆப் நல்லது, காசுக்குத் தகும். ஆனால் "இந்த வீரர் டீமை விட்டுப் போவாரா" என்ற செய்திக்காகச் சந்தா கட்டுவதாக இருந்தால் தயவுசெய்து கட்டாதீர்கள். ஆப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே வேலையைச் செய்யும் ஆப்கள் இன்னும் இருக்கின்றன, சொல்வது எல்லாவற்றுக்கும் பொருந்தும். மார்த்தாண்டம், தக்கலை பக்கத்தில் கூடைப்பந்து ஆடுகிற பசங்க அடிக்கடி என்னிடம் கேட்பதால் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணி ஆட்டம் என்றால் நமக்குக் காலை 5.30, மேற்குக் கரை ஆட்டம் என்றால் 9 மணியை ஒட்டி வரும், அதாவது நாகர்கோவிலுக்கு பஸ் ஏறும் நேரத்தில் ஒரு ஆட்டம் கடைசிக் குவார்ட்டரில் இருக்கும், இன்னொன்று தொடங்கப் போகும். வீடியோ ஓடாத சிக்னலிலும் இந்த ஆப்பில் ஒவ்வொரு பந்தும் எழுத்தில் வந்துவிடுகிறது. யார் எந்த இடத்திலிருந்து போட்டார், எத்தனை தவறவிட்டார் என்று கோர்ட் படத்தில் புள்ளி வைத்துக் காட்டுவது பயிற்சி கொடுப்பவர்களுக்கு ரொம்பவே உதவும். வீரர்களின் ஒப்பந்தம், ஒரு டீம் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய வரம்பு பற்றிய கட்டுரைகளும் அருமை. நட்சத்திர வீரர் லூகா டான்சிச் டாலஸ் டீமிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸின் லேக்கர்ஸுக்குப் போன மாற்றத்தில் யூட்டா ஏன் மூன்றாவது டீமாக நடுவில் வந்தது என்பதெல்லாம் அங்கே படித்தால் புரிந்துவிடும்.

அப்புறம் அந்த வதந்திப் பகுதி.

போன் சத்தம் போடும், "பெரிய திருப்பம்" என்று வரும். திறந்தால் ஒரு விளம்பரம். அதைத் தள்ளினால் அந்த வீரரின் பழைய கதை நாலு பத்தி, நமக்கு ஏற்கெனவே தெரிந்தது. கடைசிப் பத்தியில்தான் விஷயம் இருக்கும்: வேறொரு பத்திரிகையாளர் ஒரு பாட்காஸ்ட்டில், அந்த வீரர் மனநிறைவோடு இல்லை என்று தனக்குப் படுவதாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அதே விஷயம் வேறு தலைப்போடு மறுபடி வரும், மறுநாள் "எந்த டீமுக்குப் போகலாம்" என்ற பட்டியலாக வரும். ஒருவர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம், மூன்று செய்தியாகிவிடுகிறது.

பெயர் சொல்லாத வட்டாரம் என்றாலே பொய் என்று நான் சொல்லவில்லை. வீரரின் ஏஜென்ட் பேசுவார், டீம் நிர்வாகத்தில் ஒருவர் பேசுவார், அந்த வீரரை இழுக்கப் பார்க்கும் வேறு டீம்காரரும் பேசுவார். மூன்று பேருக்கும் மூன்று தேவை. ஏஜென்டுக்கு அடுத்த ஒப்பந்தத்தில் கூடுதல் காசு வேண்டும், எதிர் டீமுக்கு இங்கே குழப்பம் வேண்டும். நல்ல நிருபர் என்றால் இது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று வாசகர் ஊகிக்கவாவது ஒரு துப்பு கொடுப்பார். இந்த ஆப் அதையும் வெட்டி எடுத்துவிட்டுத் தலைப்பை மட்டும் வைத்துக்கொள்கிறது.

நடந்ததைப் பாருங்கள். 2019-ல் டொராண்டோ வீரர் காவை லெனர்ட் ஒப்பந்தம் முடிந்து, அடுத்து எந்த டீம் என்று முடிவு செய்யும் நாளில் டொராண்டோவுக்கு வந்தபோது அவர் போன காருக்கு மேலே ஹெலிகாப்டர் பறக்கவிட்டுப் படம் பிடித்தார்கள். லேக்கர்ஸா டொராண்டோவா என்று இரவு பகலாகப் பேசினார்கள். அவர் லாஸ் ஏஞ்சல்ஸின் இன்னொரு டீமான கிளிப்பர்ஸுக்குப் போனார், பால் ஜார்ஜ் என்ற இன்னொரு நட்சத்திர வீரரையும் அங்கே வரவைத்தார். 2023 ஜூலையில் போர்ட்லாண்ட் வீரர் டேமியன் லில்லர்ட் வேறு டீமுக்கு மாற்றம் கேட்டதும் மியாமிதான் என்று கோடை முழுக்க எழுதினார்கள், செப்டம்பர் கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தது மில்வாக்கி. லூகா விஷயத்தில் இன்னும் மோசம். 2025 பிப்ரவரி 2, நமக்கு ஞாயிறு காலை, அந்தச் செய்தி வந்தபோது அதை முதலில் சொன்ன நிருபர் ஷாம்ஸ் சரானியாவின் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றே பலர் நினைத்தார்கள். முந்தைய வருடம்தான் டாலஸை ஃபைனல்ஸ் வரை கொண்டுபோன ஆள் லூகா, அவர் போவதாக எந்த வதந்திப் பட்டியலும் சொல்லவில்லை.

மில்வாக்கியின் நட்சத்திரமாக வளர்ந்த கியானிஸ் அன்டெட்டோகும்போவை எடுத்துக்கொண்டால் இது வருடாவருடம் நடக்கிறது. 2020-ல் போய்விடுவார் என்றார்கள், டிசம்பரில் மில்வாக்கியோடு ஐந்து வருடத்துக்கு 22.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார், 2021 ஜூலையில் ஃபைனல்ஸின் ஆறாவது ஆட்டத்தில் 50 பாயிண்ட் அடித்துக் கோப்பை வாங்கிக்கொடுத்தார். 2023-ல் மறுபடி பேச்சு, அக்டோபரில் ஒப்பந்தத்தை நீட்டித்தார். மில்வாக்கி மூன்று வருடம் தொடர்ந்து பிளேஆஃப் முதல் சுற்றிலேயே தோற்ற பிறகு, 2025 கோடையில் மறுபடி. டீம் தோற்கும்போது கேள்வி வருவது நியாயம்தான், கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ஆனால் போன தடவை யார் என்ன சொன்னார்கள், அது என்ன ஆயிற்று என்று ஒரு வரி இந்த ஆப்பில் எங்கேயும் கிடையாது. பொய்த்துப்போன தலைப்பு சத்தமில்லாமல் கீழே போய்விடும். எனக்குக் கோபம் இதில்தான். காசு வாங்கிக்கொண்டு செய்தி விற்கிறவர்கள், தவறியதைத் தவறியது என்று எழுத வேண்டாமா?

இதைப் பெரிதுபடுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சாயங்காலம் கோர்ட்டில் கியானிஸின் 34-ஆம் நம்பர் பச்சைச் சட்டை போட்டு ஆடும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன். மழை விட்டுத் தரை காயும்வரை எல்லாரும் ஓரத்தில் நிற்கும்போது ஒருவன், "லேய், ஒன் ஆளு போறானாம்லே" என்று போனை நீட்டுவான். இவன் முகம் சுருங்கிவிடும். "சார், நெசமாவே போயிருவாரா?" என்று என்னிடம் வருவான். காலையில் அதே கியானிஸ் இரண்டு பேருக்கு நடுவே எப்படிக் கால் வைத்து உள்ளே புகுந்தார் என்று கேட்டால் பார்க்கவில்லை என்பான். கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் பார்க்க வேண்டியது அந்தக் கால் வைப்பு.

இன்னும் இரண்டு குறை. வதந்தி அறிவிப்பை நிறுத்தும் இடம் செட்டிங்ஸில் "உங்கள் டீம்" என்பதற்குள் மூன்றாவது பக்கத்தில் ஒளிந்திருக்கிறது, ஆப் அப்டேட் ஆனால் தானாகத் திரும்ப வந்துவிடுகிறது. சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், அதை நிறுத்த எழுதினால் பதில் வருவதற்குள் அடுத்த மாதக் காசும் போய்விடும். யுபிஐ பக்கத்தில் போய் நீங்களே ஆட்டோபேயை ரத்து செய்துவிடுவது நல்லது.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், மூன்றும் ஆட்டப் பகுதிக்குத்தான். ஆண்டுச் சந்தா வேண்டாம். அக்டோபரில் லீக் தொடங்கும்போது மாதச் சந்தாவாகக் கட்டி ஜூன் ஃபைனல்ஸ் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஒப்பந்தம் முடிந்த வீரர்களோடு டீம்கள் பேசும் ஒப்பந்தச் சந்தை திறப்பது அமெரிக்காவில் ஜூன் 30 மாலை, நமக்கு ஜூலை 1 விடிகாலை 3.30, அதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஜூலை 6 வாக்கில் கையெழுத்துகள் அதிகாரபூர்வமாகத் தொடங்கிவிடும், யார் போனார் யார் இருந்தார் என்பது என்பிஏவின் சொந்தத் தளத்திலேயே காசில்லாமல் கிடைக்கும்.