பழைய பத்மினி: முழுதாகப் பிரிப்பதா, ஓட்டிக்கொண்டே சரிசெய்வதா?

சென்ற ஆவணியில் காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டின் கார் கொட்டகையிலிருந்து 1978ஆம் ஆண்டு பிரிமியர் பத்மினி ஒன்றை வாங்கிக் கோவைக்குக் கொண்டுவந்தேன். பதினோரு ஆண்டுகள் அசையாமல் நின்ற வண்டி. "பேட்டரியை மாற்றினால் போதும் தம்பி, ஓட்டிக்கொண்டே போய்விடலாம்" என்றார் விற்ற பெரியவர். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனாலும் லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தேன். இந்த வண்டிக்காக நான் கொடுத்த பணத்தில் அந்த வாடகையைப் பற்றி மட்டும் எனக்கு ஒருநாளும் வருத்தம் வந்ததில்லை.

வீட்டு வாசலில் இறக்கியதும் இரண்டு வழிகள் எதிரே நின்றன. ஒன்று, பட்டறையில் விட்டு எஞ்சின், கியர் பெட்டி, சீட், கண்ணாடி எல்லாவற்றையும் இறக்கி, வெறுங்கூட்டை டிங்கரிங் செய்து, பெயிண்ட் அடித்து, திரும்ப ஒவ்வொன்றாகப் பூட்டுவது. மற்றொன்று, உயிரோடு விளையாடும் பாகங்களை மட்டும் முதலில் சரிசெய்து, காகிதங்களை ஒழுங்காக்கி, வீட்டைச் சுற்றி ஓட்டத் தொடங்குவது. மீதி வேலையை வண்டி கேட்கும் வரிசையில் செய்வது. நான் இரண்டாவது வழியில் போனேன். என் மைத்துனர் தன்னுடைய பத்மினிக்கு முதல் வழியைத் தேர்ந்தார். அவர் வண்டி அவிழ்வதையும் பூட்டப்படுவதையும் வாரக்கடைசிகளில் போய்ப் பார்த்தவன் என்பதால் இரண்டையும் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

அழகில் முதல் வழிதான் ஜெயிக்கும். மைத்துனரின் வண்டிக் கதவு மூடும் ஓசையே தனி. என் வண்டியின் வலது முன் மட்கார்டில் இன்னும் பழைய பெயிண்ட் உரிந்துகொண்டிருக்கிறது. செலவில் என் வழி குறைவு. அதைவிட, செலவு ஒரே மூச்சில் வராமல் பிரிந்து வருகிறது. காத்திருப்பு எனக்கு மூன்று மாதம், அவருக்குப் பதினாறு மாதம். இவையெல்லாம் யாரும் ஊகிக்கக் கூடியவை. என்னை முடிவெடுக்க வைத்தது பிரேக்.

பத்மினிக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உட்புறத்தில் லைனிங் என்ற உராய்வுப் பட்டை அழுந்தி நிறுத்தும் வகை. மிதியை அழுத்தினால் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயில் போகிறது. என் வண்டியில் அது ஒரே சுற்று. இப்போதைய கார்களில் சுற்று இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று வண்டியை நிறுத்தும். இங்கே ஏதாவது ஒரு சக்கரத்தில் கசிந்தால் மிதி அப்படியே தரைக்குப் போய்விடும். நான்கு சக்கரமும் பிடிக்காது.

நின்ற வண்டியில் கசிவு எப்படி வருகிறது என்பதை என் மெக்கானிக் அண்ணன் முதல் வீல் சிலிண்டரை, அதாவது ஆயிலின் அழுத்தத்தில் லைனிங்கை டிரம்மின்மேல் தள்ளும் சிலிண்டரை, கழற்றிக் கையில் கொடுத்தபோதுதான் புரிந்துகொண்டேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிநிலை இருக்க வேண்டும். ஈரம் ஏறியதும் அந்த வரம்பே 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஓடும் வண்டியில் அவ்வப்போது ஆயிலை மாற்றிவிடலாம். நின்ற வண்டியிலோ அந்த ஈரம் சிலிண்டரின் அடியில் தங்கி, வார்ப்பிரும்பை ஊசி குத்தியதுபோல் அரித்துவிடுகிறது. கைவிரலை உள்ளே விட்டுத் தடவினால் சொரசொரப்பு தெரியும். அந்தச் சொரசொரப்பின்மேல் புது ரப்பர் கப் போட்டால் சில நூறு கிலோமீட்டருக்குள் கிழிந்து மறுபடி கசியும். "கிட் மட்டும் மாற்றினால் போதும்" என்று, இந்த ரப்பர் பாகங்களை மட்டும் மாற்ற யாராவது சொன்னால், சிலிண்டரின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் இன்னும் வஞ்சகமானது. வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே உப்பித் துவாரம் அடைத்திருக்கும். மிதியின் அழுத்தத்தில் ஆயில் போய்விடும், திரும்பி வராது. சக்கரம் பிடித்தபடியே சூடேறும். மூன்று ஹோஸையும் பார்க்காமலேயே மாற்றிவிட்டேன்.

சிலிண்டருக்கு இரண்டு மாற்று உண்டு: கடையில் கிடைக்கும் புதிதை வாங்குவது, அல்லது பழையதையே லேத்தில் குடைந்து உள்ளே பித்தளைக் குழல் இறக்குவது. கோவையில் நல்ல லேத்துக்குப் பஞ்சமில்லை. புதிதாகக் கிடைத்தவற்றில் ஒன்றின் பிஸ்டன் கையிலேயே தளர்வாக ஆடியது. அதனால் குழல் இறக்குவதையே தேர்ந்தேன். பித்தளை துருப்பிடிக்காது என்பது நம்பிக்கை தருகிறது. ஆனால் என் குழல்கள் ஒரே ஒரு மழைக்காலத்தைத்தான் கண்டிருக்கின்றன. ஐந்தாண்டு கழித்தும் இதையே சொல்வேனா என்று இப்போது உறுதி கூற முடியாது. லைனிங், டிரம் கடைசல், புது மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் சேர்த்துப் பிரேக்குக்கு மட்டும் பதினேழாயிரம் ரூபாய் ஆனது. எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கும் ஆசையை அதுவரை அடக்கிவைத்தேன். "முதலில் நிற்கட்டும் தம்பி, அப்புறம் ஓடட்டும்" என்றார் அண்ணன்.

மைத்துனரின் பட்டறையிலும் பிரேக் வேலையைத் தொடக்கத்திலேயே செய்தார்கள், ஒழுங்காகத்தான் செய்தார்கள். அதன் பிறகு வண்டி டிங்கரிங்கிலும் பெயிண்டிலும் ஓராண்டுக்கு மேல் நின்றது. வெளியே வந்த முதல் வாரமே இடது பின் சக்கரம் பிடித்துக்கொண்டது. கழற்றினால் பிஸ்டன் இறுகியிருந்தது. நிற்பதால் கெட்ட பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, வண்டியை மறுபடியும் நிற்கவைத்தால் வேறென்ன நடக்கும்? முதல் வழியில் போகிறவர்கள் பிரேக் வேலையைக் கடைசிக்குத் தள்ளலாம். ஆனால் அந்தக் கடைசி வரும்போது பணம் பெயிண்டில் கரைந்திருக்கும் ஆபத்து உண்டு. அதற்கென்று ஒரு தொகையை முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றிய வண்டியில் புதிதாக ஒரு கோளாறு வந்தால், எதனால் வந்தது என்று தேட வேண்டிய இடங்கள் நூறு. நான் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டினேன். பிரேக் அடித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்ததை இரண்டாவது நாளே கவனித்தேன். வலது முன் லைனிங்கில் கிரீஸ் பட்டிருந்தது, அரை மணி வேலை.

மற்றவற்றில் பெட்ரோல் குழாய்க்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. இறுகி வெடித்த குழாய் சூடான எஞ்சின்மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் குழாய் போட்டு, டேங்கைக் கழற்றிக் கழுவி, வழியில் ஒரு ஃபில்டரும் வைத்தேன். டயரின் பள்ளத்து ஆழத்தை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் மாற்றினேன். ஒயரிங்கில் விரல் பட்டாலே உதிர்ந்த இடங்களை மாற்றி, பேட்டரியைத் துண்டிக்க ஒரு சுவிட்ச் வைத்தேன்.

என் வழி எல்லா வண்டிக்கும் பொருந்தாது. பத்மினிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடலே எலும்புக்கூடு. ஜாக்கி வைக்கும் இடத்திலும், கதவடி விளிம்பிலும், பின் பட்டை ஸ்பிரிங் பூட்டும் இடத்திலும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். துருப்பிடித்த தகட்டில் அது உள்ளே இறங்கினால் ஓட்டிக்கொண்டே சரிசெய்யும் பேச்சுக்கே இடமில்லை, முழுதாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். என் வண்டி உள்நாட்டில், காய்ந்த கொட்டகையில் நின்றது. கடலோர ஊர்களில் நின்ற வண்டியை நான் கையாண்டதில்லை. அங்கே மைத்துனரின் வழிதான் சரியாக இருக்கக்கூடும்.

காகிதமும் வழியைத் தீர்மானிக்கிறது. பதிவு முதலில் 15 ஆண்டுக்கு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டி தகுதியோடு நிற்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் சோதனைக்குக்கூடத் தெருவில் இறக்கக் கூடாது. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021இல் தனி விதி வந்தது, வி.ஏ. என்ற எழுத்துகளோடு விண்டேஜ் பதிவு கிடைக்கும், ஆனால் அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. தினமும் ஓட்ட விரும்புகிறவர் அதற்கு அவசரப்பட வேண்டாம்.

கார்த்திகையில் தெருவுக்கு வந்த என் பத்மினி இதுவரை 1,900 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எல்லாம் சமதளத்தில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏற வேண்டும் என்பது வீட்டில் எல்லோருடைய ஆசை. ஏறுவதில் எனக்குப் பயமில்லை. இறங்கும்போது டிரம் சூடேறிப் பிடிப்பு குறைவதை நான் இன்னும் அனுபவித்துப் பார்க்கவில்லை. 3,000 ஆனதும் நான்கு டிரம்மையும் கழற்றி, குழல் இறக்கிய சிலிண்டர்களின் ஓரத்தில் ஈரம் இருக்கிறதா என்று அண்ணனோடு பார்க்கப் போகிறேன். காய்ந்திருந்தால் ஆயிலை மாற்றிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்புவோம்.