உதவி நாய்க்கு நன்கொடை: குடும்பத்துக்கா, குட்டிக்கா, பள்ளிக்கா?

மாற்றுத்திறனாளி ஒருவருக்கு உதவி நாய் (அன்றாட வேலைகளில் அவருக்குத் துணை செய்யப் பழக்கிய நாய்) கிடைக்கப் பணம் கொடுக்க நினைத்தால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரு குடும்பம் இணையத்தில் திரட்டும் நிதிக்குக் கொடுக்கலாம், இந்த நாய்களைப் பழக்கும் பயிற்சிப் பள்ளியில் ஒரு குட்டியின் பெயரில் மாதாமாதம் கட்டலாம், இல்லையென்றால் பள்ளியின் பொது நிதியில் போடலாம். நான் மூன்றாவது கட்சி.

காரணம் நாய் உருவாகும் விதத்திலேயே இருக்கிறது. குட்டி ஒன்றரை வயதுவரை ஒரு தன்னார்வலர் வீட்டில் வளர்ந்து கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் படிக்கட்டுக்கும் பழகும், அப்புறம் பல மாதம் பயிற்சியாளரிடம், அதன்பின் யாருக்குத் துணையாகப் போகிறதோ அவரோடு சில வாரம். இவ்வளவு செய்தும் கணிசமான நாய்கள் தேறுவதில்லை. இடுப்பு மூட்டில் கோளாறு, இடிச் சத்தத்துக்குப் பயம், அணிலைக் கண்டால் பாயும் குணம் என்று ஏதாவது ஒன்று போதும். தேறாத நாய்க்கு ஆன செலவையும் யாராவது ஏற்கத்தானே வேண்டும்?

குடும்பத்துக்கு நேரடியாகக் கொடுக்கும்போது அந்தச் செலவு பல சமயம் அவர்கள் தலையிலேயே விழுகிறது, ஏனென்றால் திரட்டிய பணம் ஒரே ஒரு நாய்க்கானது. என்னை உறுத்தும் இன்னொன்றும் உண்டு. தன் கதையை உருக்கமாகச் சொல்லத் தெரிந்தவருக்கும் நிறைய நண்பர்கள் இருப்பவருக்கும் பணம் சேர்ந்துவிடும், தனியாக வாழும் கூச்ச சுபாவக்காரருக்குச் சேராது. தேவை என்னவோ இருவருக்கும் ஒன்றுதான். ஆனாலும் நிதி திரட்டும் குடும்பத்தில் இருப்பவரின் குறைபாட்டுக்கு நாய் பழக்கும் பள்ளியே இல்லை என்றால் தயங்காமல் அவர்களுக்கே கொடுங்கள். அமெரிக்காவில் சொந்தமாகவே நாயைப் பழக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, அதற்கும் பயிற்சியாளர் செலவு உண்டு.

குட்டியின் பெயரில் கட்டுவது சிறுவர்களை உள்ளே இழுக்க அருமையான வழி. 1964-ல் பிரிட்டனின் 'ப்ளூ பீட்டர்' என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி கேட்டதும் பிள்ளைகள் பால் புட்டி மூடித் தகடுகளைச் சேர்த்து அனுப்பினார்கள். அவற்றை விற்ற காசில் வந்த, பார்வையற்றவருக்கான வழிகாட்டி நாய்தான் ஹனி. ஆனால் உங்கள் குட்டி தேறாமல் போகலாம், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பொது நிதியில் படமும் கடிதமும் வராமல் போகலாம், ஆனால் தேறாத நாய், மருத்துவச் செலவு, பழைய நாய் ஓய்வு பெற்றபின் வேண்டிய அடுத்த நாய் எல்லாவற்றையும் தாங்குவது அதுதான். 1929-ல் தொடங்கிய அமெரிக்காவின் வழிகாட்டி நாய்ப் பள்ளி 'தி சீயிங் ஐ' முதல் நாய்க்கு 150 டாலரும் அடுத்த நாய்களுக்கு 50 டாலரும் மட்டும் வாங்குகிறது, 1975-ல் தொடங்கிய 'கேனைன் கம்பேனியன்ஸ்' என்ற உதவி நாய்ப் பள்ளி எதுவுமே வாங்குவதில்லை. நன்கொடையும் உயில் சொத்தும் இல்லாமல் இது நடக்காது.

எந்தப் பள்ளிக்குக் கொடுத்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: நாயை ஒப்படைத்து இரண்டு வருடம் கழித்து ஒரு சிக்கல் வந்தால், யார் வந்து பார்ப்பார்கள், அதற்குக் காசு யாருடையது?