சிறார் அறிவியல் நூலுக்கு இணையத் துணை: எதற்கு எது பொருந்தும்?

குழந்தையின் கையில் பறவைகள் பற்றிய நல்ல தமிழ் நூல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண் குயில் கறுப்பு, பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள், காக்கைக் கூட்டில் முட்டையிடும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. குரல் மட்டும் இல்லை. காகிதத்தில் அது வராது. இணையத்தைத் தேட வேண்டிய இடம் அதுதான்.

நூலோடு இணைய வளம் ஒன்றைச் சேர்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது இந்த ஒரு கேள்வி: இந்த நூலால் எது முடியவில்லை? குரல், அசைவு, மாற்றிப் பார்க்கும் வசதி, அச்சுக்குப் பின் வந்த செய்தி, நம் ஊருக்குரிய தகவல் ஆகிய ஐந்தில்தான் பெரும்பாலும் குறை இருக்கும். அதை நிரப்பும் வளம் நல்ல ஜோடி. நூல் சொன்னதையே பின்னணி இசையோடு திரும்பச் சொல்லும் காணொளி மோசமான ஜோடி. அதைப் பார்த்து முடித்த பிள்ளை நூலுக்குத் திரும்பி வருவதில்லை.

பறவை நூலுக்கு: மெர்லினா, ஸீனோ-கான்டோவா?

மெர்லின், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தரும் செயலி. படத்தைக் காட்டலாம், குரலைக் கேட்க வைக்கலாம், அல்லது கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போகலாம். பிள்ளைகளைச் சட்டென்று இழுப்பது குரல் வசதி. ஒலி அலைகள் திரையில் கோடுகோடாக ஓட, பெயர்கள் கீழே வரிசையாகச் சேரும். அதே பறவை மறுபடி கூவினால் அந்தப் பெயர் மின்னும்.

சிக்கலும் அங்கேதான். கேள்வி எழும் முன்பே விடை வந்துவிடுகிறது. பிள்ளை மரத்தைப் பார்க்காமல் திரையைப் பார்க்கத் தொடங்கிவிடும். மின்விசிறி ஓடும் அறையிலும் வண்டிகள் போகும் தெருவிலும் செயலி தடுமாறும். மற்றப் பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடும் துடுப்புவால் கரிச்சான் அருகில் இருந்தால் அது தவறான பெயரையும் சொல்லக்கூடும். கரிச்சான் இப்படிப் பாடும் என்பது நல்ல பறவை நூலில் எழுதியிருக்கும். 

ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் பறவையின் அளவு (சிட்டுக்குருவி அளவா, காக்கை அளவா), முதன்மை நிறங்கள், அலகின் வடிவம், வாலின் நீளம், அப்போது அது செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றைப் பிள்ளை நோட்டில் எழுதட்டும். அடுத்து நூலைப் புரட்டி இரண்டு மூன்று பறவைகளைச் சந்தேகப் பட்டியலில் வைக்கட்டும். அதன் பிறகு மெர்லினில் கேள்வி வழியாகப் போகலாம். அதுவும் இடம், நாள், அளவு, நிறம், செய்கை ஆகியவற்றைத்தான் கேட்கும். பிள்ளையின் பட்டியலும் செயலியின் பட்டியலும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்ப்பதுதான் பாடம். குரல் வசதியைக் கடைசிச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸீனோ-கான்டோ வேறு வகை. 2005-இல் தொடங்கி, நெதர்லாந்திலுள்ள ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் நடக்கும் குரல் களஞ்சியம் அது. உலகெங்கிலும் உள்ள பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த ஒலிகள் அங்கே குவிந்திருக்கின்றன. ஒவ்வொரு பதிவிலும் நாடு, நாள், அது பாட்டா அழைப்பா என்ற குறிப்பு, ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை தர மதிப்பு ஆகியவை இருக்கும். தரம் ‘ஏ’ உள்ளவற்றை மட்டும் எடுத்தால் இரைச்சல் தொல்லை குறையும். குயிலின் பக்கத்தைத் திறந்து, ஆணின் ‘கூ...ஊ’ ஒன்றும் பெண்ணின் ‘கிக்-கிக்-கிக்’ ஒன்றும் போட்டுக் காட்டுங்கள். நாம் குயில்பாட்டு என்று கொண்டாடுவது ஆண் குயிலின் குரல் என்பது அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளைக்குப் பிடிபடும். வீட்டுக்குள் இருந்து படிக்கும் நேரத்துக்கு ஸீனோ-கான்டோ, வெளியே நடக்கும் நேரத்துக்கு மெர்லின். இரண்டில் ஒன்றுதான் என்றால், பத்து வயதுக்குக் கீழே நாங்கள் ஸீனோ-கான்டோவையே சொல்வோம். அது விடை சொல்வதில்லை, காதைப் பழக்குகிறது.

இரண்டிலும் தமிழ்ப் பிள்ளை இடறும் இடம் பெயர். நூலில் செம்போத்து, செண்பகம் என்று இருக்கும். தளத்தில் ஆங்கிலப் பெயர் இருக்கும். இடையில் பாலம் அறிவியல் பெயர்தான். செம்போத்துக்கு அது சென்ட்ரோபஸ் சைனென்சிஸ். நூல் வாங்கும்போதே பின்னிணைப்பில் அறிவியல் பெயர்கள் உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ்ப் பெயரைத் தேடினால், கட்டுரையின் ஓரப் பெட்டியில் அறிவியல் பெயர் கிடைக்கும். பறவை நூலுக்கு விக்கிப்பீடியாவின் பெரிய உதவி இதுவே.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இந்த ஜோடிக்கு நல்ல களம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். கணக்கு பெரியவர் பெயரில் இருக்கட்டும்.

பூச்சி, செடி நூலுக்கு: சீக்

ஐநேச்சுரலிஸ்ட், சீக் இரண்டும் படத்தைப் பார்த்து உயிரினத்தின் பெயரைச் சொல்லும் செயலிகள், ஒரே குழுவின் ஆக்கங்கள். ஐநேச்சுரலிஸ்டில் பதிவேற்றக் கணக்குத் தொடங்க வேண்டும், படம் பொதுவெளிக்குப் போகும், இடமும் பதிவாகும். சீக்கில் கணக்கே வேண்டாம். சிறுவர்களுக்கு எது என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை: சீக்.

கேமராவைப் பூச்சியின் மேல் பிடித்ததும் திரையின் மேலே வகைப்பாட்டைக் காட்டும் புள்ளிகள் ஒவ்வொன்றாக நிறையும். விலங்குலகத்தில் தொடங்கித் தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம் என்று இறங்கிச் சிற்றினத்தில் முடியும். பாதியில் நின்றுவிடுவதும் உண்டு. படம் மங்கல், வெளிச்சம் போதாது, அல்லது அந்த இனத்தை அதற்குச் சரியாகத் தெரியாது. நூலைக் கையில் எடுக்க அதுவே நல்ல தருணம். ‘குடும்பம்’ வரை வந்துவிட்டது, மீதியை நூலில் நீயே தேடு என்று பிள்ளையிடம் விட்டுவிடலாம்.

மின்சார நூலுக்கு: ஃபெட் சிமுலேஷனா, கைவினையா?

இந்த ஒப்பீட்டில்தான் விஷயம் அதிகம். ஃபெட், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம். திரையிலேயே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கும் பரிசோதனைகளான சிமுலேஷன்களை அது தருகிறது; பலவற்றைத் தமிழிலும் மொழிபெயர்த்திருக்கிறார்கள். மின்சுற்று சிமுலேஷனில் பேட்டரி, கம்பி, பல்பு, சுவிட்ச், மீட்டர் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் சுற்று கட்டலாம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக ஊர்வது தெரியும். நூலில் அம்புக்குறியாக மட்டும் இருந்த மின்னோட்டம் இங்கே நகரும். பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் தீப்பிடிக்கும். அந்தத் தவற்றைச் செய்து பார்க்கப் பாதுகாப்பான இடம் திரை ஒன்றே. வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ட்டை எந்தப் பரிசோதனைக்கும் தொடக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

எதிரே நிற்பது அரவிந்த் குப்தாவின் தளம். கான்பூர் ஐஐடியில் படித்து, பழைய பொருள்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்வதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்; 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். செய்முறைப் படங்களும் குறும்படங்களும் நூல்களின் பிடிஎஃப்களும் அங்கே இலவசம். ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்கு, ரப்பர் பட்டை, காந்தம், எனாமல் பூசிய செப்புக் கம்பி இருந்தால் ஓடும் மோட்டார் கிடைத்துவிடும்.

அந்த மோட்டார் ஓடாமல் போகும் இடங்களைப் பார்த்தால் இரண்டு வளங்களின் வேறுபாடும் விளங்கும். கம்பியைப் பத்துச் சுற்று சுற்றி வளையமாக்கி, இரு முனைகளையும் நேர் எதிராக நீட்டிவிட வேண்டும். ஒரு முனையில், மின்சாரத்தைக் கடத்தாத பூச்சான எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும். மறு முனையில் பாதிச் சுற்றளவு மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் வளையம் சுழலாது, முன்னும் பின்னும் நடுங்கும். மின்னோட்டம் அரைச் சுற்றுக்கு ஒருமுறை அறுந்தால்தான் வளையம் தன் வேகத்தில் மறுபாதியைக் கடக்கும். சுரண்டவே மறந்தால் எதுவும் நடக்காது. செம்பு போலப் பளபளப்பது எனாமல் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. முனைகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் ஒரு பக்கம் கனத்து நின்றுவிடும். ஓடினாலும் தொடர்ந்து விட்டுவைக்கக் கூடாது. கம்பியின் மின்தடை மிகக் குறைவு. செல் சூடாகிச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இந்தத் தோல்விகள் திரையில் வருவதில்லை. ஃபெட்டில் 9 வோல்ட் பேட்டரியோடு 10 ஓம் பல்பை இணைத்தால் 0.9 ஆம்பியர். இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்தால் 0.45. பக்க இணைப்பில் ஒவ்வொன்றிலும் அதே 0.9, மொத்தம் 1.8. கணக்கு அச்சுப் பிசகாமல் வரும். கையில் இருக்கும் பழைய செல்லோடு இரண்டு டார்ச் பல்புகளைப் பக்க இணைப்பில் போட்டால் இரண்டுமே மங்கும். செல்லுக்கு உள்ளேயும் மின்தடை உண்டு என்பதே காரணம். ஃபெட்டின் கூடுதல் அமைப்புகளில் பேட்டரியின் உள் மின்தடையைக் கூட்டினால் திரையிலும் பல்புகள் மங்கும். நூல் சொன்னதற்கும் கை கண்டதற்கும் இடையில் உள்ள இடைவெளிக்கு விளக்கம் கிடைப்பது அப்போதுதான்.

எனவே நூல், கை, திரை என்ற வரிசையே எங்கள் பரிந்துரை. திரையில் எல்லாம் சரியாக எரிந்ததைப் பார்த்துவிட்டுப் பிறகு கையில் தொட்ட பிள்ளை, முதல் சறுக்கலிலேயே சோர்ந்துவிடும். கையில் சறுக்கிய பிறகு திரைக்கு வரும் பிள்ளைக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கும்.

ஒரு குறிப்பு: நூல்கள் ‘பல்பு’ என்கின்றன, கடையில் இப்போது எளிதில் கிடைப்பது எல்ஈடி. சிவப்பு எல்ஈடிக்கு ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டும் என்பதால் 1.5 வோல்ட் பென்சில் செல் ஒன்றால் அது எரியாது. இரண்டு செல், 100 ஓம் மின்தடை ஒன்று, நீளக் கால் நேர்முனைக்கு. 9 வோல்ட் பேட்டரி என்றால் 470 ஓம். மின்தடை இல்லாமல் 9 வோல்ட்டில் கொடுத்தால் எல்ஈடி போய்விடும்.

வானியல் நூலுக்கு: ஸ்டெல்லேரியம் முதலில்

மொழிபெயர்ப்பாக வரும் வானியல் நூல்களில் பலவற்றின் விண்மீன் வரைபடம் ஐரோப்பாவுக்குரியது. துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரியும் என்பது ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. லண்டனில் 51, சென்னையில் 13, யாழ்ப்பாணத்தில் கிட்டத்தட்ட 10, சிங்கப்பூரில் ஒன்றே ஒன்று. லண்டனுக்கு வரைந்த படத்தைச் சென்னை மொட்டைமாடியில் விரித்தால் எதுவும் பொருந்தாது. அகத்திய விண்மீன் அந்தப் படத்தில் இருக்கவே இருக்காது, ஏனென்றால் லண்டனில் அது உதிப்பதில்லை. சென்னையில் பிப்ரவரி மாத இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே சுமார் 24 பாகை உயரத்தில் பளிச்சென்று நிற்கும்.

எந்த ஊரின் வானத்தையும் திரையில் காட்டும் இலவச மென்பொருளான ஸ்டெல்லேரியம் இந்தக் குறையைத் தீர்க்கிறது. கணினியில் எஃப்6 தட்டி ஊரைத் தேர்ந்தெடுங்கள், எஃப்5 தட்டி நாளையும் நேரத்தையும் மாற்றுங்கள், ‘எல்’ விசையால் காலத்தை ஓடவிடுங்கள், ‘கே’ தட்டினால் இயல்பு வேகம் திரும்பும். முதலில் நூலில் போட்ட ஊரின் வானம், அடுத்து நம் ஊர் வானம் என்று இரண்டையும் காட்டினால் பூமி உருண்டை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நாசாவின் சூரியக் குடும்பத் தளம் வேறொரு குறையைத் தீர்க்கிறது. நூல்கள் கோள்களை அருகருகே அடுக்கியே வரையும். பூமியை ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்தால் சூரியனை ஏறக்குறைய 117 மீட்டர் தள்ளி வரைய வேண்டும். எந்தப் பக்கத்திலும் அது அடங்காது. அந்தத் தளத்தில் ஒரு கோளிலிருந்து பின்னால் விலகிக்கொண்டே போனால் வெறுமை எவ்வளவு பெரியது என்று தெரியும். நூல் பழையதாகிவிடும் சிக்கலுக்கும் மருந்து அங்கே உண்டு. சனிக்கு 82 நிலவுகள் என்று 2019-ஐ ஒட்டி வந்த நூல்கள் சொல்லும். 2025 மார்ச்சில் அந்த எண்ணிக்கை 274 ஆனது. பழைய நூலைத் தூக்கிப் போட வேண்டாம். பிள்ளையே பக்கத்தின் ஓரத்தில் புது எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதட்டும்.

கியூஆர் கோடும் காணொளியும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018-இல் புதிய பாடத்திட்டத்தோடு கியூஆர் கோடுகள் வந்த பிறகு, கோடு இருக்கும் நூலே மேலானது என்ற எண்ணம் பரவிவிட்டது. கோடு வெறும் கதவு; அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. பிள்ளையிடம் கொடுக்கும் முன் நீங்களே ஒரு முறை திறந்து பாருங்கள். செத்துப்போன இணைப்புகள் ஏராளம். யூடியூபுக்குப் போனால் அடுத்த காணொளி தானாக ஓடுவதை முதலில் நிறுத்துங்கள். அசைவே பாடமாக இருக்கும் இடத்தில் (இதய வால்வு திறந்து மூடுவது, கூட்டுப்புழு வண்ணத்துப்பூச்சியாக வெளிவருவது) இரண்டு மூன்று நிமிடக் காணொளி நூலை வென்றுவிடும். மற்ற இடங்களில் நூலே போதும்.

நூலே கிடைக்காதபோது: ஸ்டோரிவீவர்

பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ் அறிவியல் நூல்கள் நான்கு வாசிப்பு நிலைகளில் உண்டு. திறந்த உரிமம் என்பதால் பிடிஎஃப் இறக்கி அச்சிடவும் தடையில்லை. இது நூலுக்குத் துணை அல்ல, நூலுக்கு மாற்று. மொழிபெயர்ப்பு யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதால் தரம் ஏறி இறங்கும். முதல் மூன்று பக்கங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு இடறினால் வேறு நூலுக்குப் போய்விடுங்கள்.

வீட்டில் ஒரே ஃபோன், அளந்து செலவழிக்கும் டேட்டா என்றால், வைஃபை கிடைக்கும் இடத்தில் முன்கூட்டியே இவற்றை இறக்கி வையுங்கள்: மெர்லினின் இந்தியப் பறவைத் தொகுப்பு (கொள்ளளவு பெரிது, இடம் ஒதுக்க வேண்டும்), ஸீனோ-கான்டோவிலிருந்து நூலில் உள்ள பத்துப் பறவைகளின் எம்பி3, ஃபெட் மின்சுற்றின் ஹெச்டிஎம்எல் கோப்பு, ஸ்டோரிவீவர் பிடிஎஃப் இரண்டு மூன்று. பிறகு டேட்டாவை அணைத்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுக்கலாம். மெர்லினின் குரல் வசதியும் ஃபெட் கோப்பும் இணைப்பே இல்லாமல் ஓடும். இடையில் விளம்பரமோ இணைய அறிவிப்புகளோ வந்து கவனத்தைக் கலைக்காது.