தாராபுரம் தோட்டத்து ஆயில் இன்ஜினும் அதை ஓடவைத்த பட்டறைகளும்

தாராபுரத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் தோட்டத்தில் பல ஆண்டுகளாக ஓடாமல் நின்றிருந்த ஆயில் இன்ஜினை, டொராண்டோவிலிருந்து இந்த முறை ஊருக்கு வந்திருந்தபோது பழுதுபார்த்து ஓடவைத்தோம். அதற்காக நான் ஏறி இறங்கிய பட்டறைகள் எப்படி வேலை செய்தன என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன். இத்தகைய இன்ஜின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று ஊரிலேயே பலர் சொல்லக் கேட்டதும் அதற்கு ஒரு காரணம். எங்களுடையது கிர்லோஸ்கர் ஏ.வி.1 வகை. ஒற்றைச் சிலிண்டர், 80 மில்லிமீட்டர் விட்டம், 110 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டம், நிமிடத்துக்கு 1500 சுற்றில் 5 குதிரைத்திறன் தருவது.

கிணற்றில் மின்மோட்டார் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். மும்முனை மின்சாரம் முறைவைத்துத்தான் வருகிறது. டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகிவிட்டால் முருங்கைக்கும் மாடுகளின் தொட்டிக்கும் தண்ணீர் இல்லாமல் பெரியப்பா தவித்துப்போகிறார். கொங்கு நாட்டில் மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்துக்கும் மின்மோட்டார் காலத்துக்கும் நடுவே நின்று வேளாண்மையைத் தாங்கியவை இந்த இன்ஜின்கள்தாம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிய பிறகு கோவைப் பகுதியில் ஆலைகளும் பம்புசெட்டுத் தொழிலும் பெருகின என்றாலும், மின்கம்பி எட்டாத மேட்டாங்காடுகளில் நீண்ட காலம் டீசல்தான் தண்ணீர் ஏற்றியது. அந்தக் காலத்தில் பழகிய கைகள் இன்னும் மிச்சமிருப்பதால்தான் எங்கள் வேலையும் முடிந்தது.

முதலில் விசாரித்த ஒரு கடையில், இன்ஜினைப் பார்க்காமலேயே, புதியது ஒன்றை வாங்கிக்கொள்ளும்படி சொன்னார்கள். அடுத்து வந்தவர் உள்ளூர் மெக்கானிக், அறுபதைக் கடந்தவர். அவர் வந்தவுடன் இன்ஜினின் பறக்கும் சக்கரத்தை (ஃப்ளைவீல்) கையால் அசைத்துப் பார்த்தார், அது நகரவில்லை. நாங்கள் கடப்பாரையைத் தேடியபோது, "தம்பி, நெம்புனா ரிங்கு ஒடஞ்சுருமுங்க. ஊறட்டும், அவசரமில்லீங்க" என்று தடுத்துவிட்டார். டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி மூடிவிட்டுப் போனார். சில நாள் கழித்து வந்து, சக்கரத்தை இப்பக்கமும் அப்பக்கமுமாக மெல்ல ஆட்டியபோது அது இளகிக்கொடுத்தது. இந்தப் பொறுமைதான் இந்தச் சேவையின் முதல் மதிப்பு என்று எண்ணுகிறேன். ஒரு மணி நேரத்தில் முடித்துக்காட்ட நினைப்பவர் கையில் பிஸ்டனும் சிலிண்டரும் ஒருங்கே கெட்டிருக்கும்.

சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றியதும் உண்மையான நோய் தெரிந்தது. புகைபோகும் வால்வு துருவேறி, தான் ஏறி இறங்கும் குழலான கைடிலேயே ஒட்டியிருந்தது. அதைவிடக் கவலை தந்தது தண்ணீர் சுற்றிவரும் பாதை: எங்கள் கிணற்று நீர் கடுமையான உப்பு நீர், பம்பிலிருந்து பிரித்துவிடும் அதே நீரால் இன்ஜினைக் குளிர்வித்ததால் அந்தப் பாதையில் சுண்ணாம்பு படிந்து பாதிக்கு மேல் அடைந்திருந்தது. அவர் அதைச் சுரண்டியும் நீர்த்த அமிலம் விட்டும் கரைத்து, பிறகு சலவைச் சோடா கலந்த நீரால் அமிலம் தங்காதபடி கழுவினார். சிலிண்டரின் உள்ளுறையான லைனரை அளந்தபோது மேல்பக்கம் தேய்ந்திருந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் ஏறி நிற்கும் மேல் முனையில் சூடும் அழுத்தமும் மிகுதி, எண்ணெய் குறைவு என்பதால் தேய்மானம் அங்கேதான் அதிகம் விழும். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது, காற்றை ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக நெருக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் எரிபொருள் பற்றுகிறது. ஆகவே ரிங் வழியாகக் காற்று கசிந்தால் எவ்வளவு சுற்றினாலும் அது பிடிக்காது. லைனர், பிஸ்டன், ரிங் ஆகியவை ஒரு தொகுதியாகவே கடையில் கிடைத்தன. கோவையின் கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் வால்வு உட்காரும் இடத்தைச் சீவி, வால்வை எமரி பசை வைத்துத் தேய்த்துக் கொடுத்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிவில்லை என்று என் கண்முன்னே காட்டிய பிறகே கூலி வாங்கினார்கள்.

நான் மிகவும் மதித்தது கோவையில் இருந்த எரிபொருள் பம்ப், நாசில் சர்வீஸ் கடையை. பழைய டீசல் பிசினாகி, அந்தப் பம்பில் டீசலை அழுத்தித் தள்ளும் தண்டான பிளஞ்சர் உள்ளேயே இறுகியிருந்தது. பிளஞ்சருக்கும் அது ஓடும் உருளைக்கும் இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே என்பதால் அதை உரசியோ கடைந்தோ சரிசெய்ய இயலாது. இரண்டையும் இணையாகவே மாற்ற வேண்டும். ஊரில் வாங்கிய புது நாசிலையும் அங்கே கொண்டுபோயிருந்தேன். அதைக் கைநெம்புகோல் கொண்ட சோதனைக் கருவியில் பொருத்தி அழுத்தினார்கள். அழுத்தமானி சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோவைத் தொடும்போது பனிப்புகையாகச் சிதற வேண்டிய டீசல், ஒரு பக்கமாகப் பீய்ச்சி, நுனியில் சொட்டும் விட்டது. அது போலிச் சரக்கு. கடைக்காரர், "அண்ணா, இதப் போட்டா கரும்புகைதானுங்க வரும்" என்று சொல்லி, வேறொன்றைச் சோதித்துக் காட்டிக் கொடுத்தார். உதிரிபாகம் எங்கே வாங்கினாலும், பொருத்தும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குறை சொல்லவும் இருக்கிறது. "நாளைக்கு வாங்க" என்ற சொல்லுக்கு எந்தப் பட்டறையிலும் தேதி கிடையாது; குறுகிய விடுமுறையில் வருபவருக்கு அது பெரிய இடர். எதை மாற்றினோம் என்று எழுதிக்கொடுக்கும் பழக்கமும் அரிது. நான் கேட்ட பிறகே கழற்றிய பாகங்களை மூட்டைகட்டிக் கொடுத்தார்கள், கேட்டதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. மொத்தத்தில் கூலியை விட உதிரிபாகங்களுக்கே அதிகம் செலவாயிற்று. அந்த நுட்பத்துக்கு இந்தக் கூலி குறைவு என்றே எனக்குப் படுகிறது. அந்த மெக்கானிக்கிடம் தொழில் பழக இப்போது யாரும் இல்லை என்பதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஓட்டிப்பார்த்த நாளில் அவர் காட்டிய ஒழுங்கு மறக்க இயலாதது. டீசல் செலுத்தும் நேரம், பிஸ்டன் மேல் முனையை எட்டுவதற்கு ஏறத்தாழ 23 பாகை முன்னதாக இருக்கும்படி எரிபொருள் பம்பின் அடியில் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்தார். பின்னர் ஃபில்டர், பம்ப், நாசில் குழாய் என்ற வரிசையில் மரைகளைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றினார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் கம்பி தடையின்றி அசைகிறதா என்று பலமுறை பார்த்த பிறகும், காற்று இழுக்கும் வாயருகே ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி என் தம்பியிடம் சொன்னார். கவர்னர் சிக்கி இன்ஜின் அளவுமீறி வேகமெடுத்தால் காற்றை அடைப்பதே அதை நிறுத்த உறுதியான வழி. அழுத்தம் நீக்கும் நெம்பைத் தூக்கிவைத்துக் கைப்பிடியைச் சுற்றி, வேகம் ஏறியதும் நெம்பை விட்டார். வெண்புகை வந்து, சிறிது நேரத்தில் தெளிந்து, இன்ஜின் சீராக ஓடியது. பெரியப்பா பேச்சின்றி வாய்க்காலைத் திருப்பிவிடப் போனார்.

இனி குளிர்விப்பதற்குக் கிணற்று நீரை நேராக விடாமல், தனித் தொட்டியில் மழைநீரை நிரப்பிச் சுழலவிட ஏற்பாடு செய்திருக்கிறோம். டீசல் டேங்கில் ஈரம் சேராதபடி அதை நிறைத்தே வைத்திருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது இன்ஜினை ஓட்ட வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். தேதி மறந்துபோகாமல் இருக்கப் பெரியப்பா அமாவாசையைக் குறித்துக்கொண்டார். சுமையின்றி ஓட்டினால் நாசில் நுனியில் கரி படியும் என்பதால், அன்றைக்குத் தேவை இல்லாவிட்டாலும் தண்ணீரை ஏற்றியபடியேதான் ஓட்டுகிறார்கள்.