ஒடுகத்தூர் சாலையில் புளியமரத்தடிக் கூழ்

வேலூர் மாவட்டத்தில், அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து ஒடுகத்தூர் போகும் சாலையில் இடப்பக்கம் பெரிய புளியமரம் ஒன்று நிற்கிறது. அதன் கீழே நாலு கழி நட்டு ஓலை வேய்ந்த கடை. பெயர்ப்பலகை கிடையாது. இரண்டு மண்பானை, ஓர் அண்டா, தொட்டுக்கொள்ள வைத்திருக்கும் எவர்சில்வர் தூக்குகள், அவ்வளவுதான். மூன்று வருடமாக வாரத்துக்கு இரண்டு நாளாவது இங்கே கேழ்வரகுக் கூழ் குடிக்கிறேன். கத்திரி வெயிலில் குடித்திருக்கிறேன், கார்த்திகை மழையிலும் குடித்திருக்கிறேன். காலை ஏழு மணிக் கூழுக்கும் மதியக் கூழுக்கும் என்ன வித்தியாசம் என்று நாக்குக்குத் தெரிந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் நாள் போனபோது சொம்பை வாயருகே கொண்டுபோனதுமே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பாட்டி வீட்டுப் பானையில் வரும் அதே புளித்த வாசனை. குடித்தால் முதலில் உப்பு, அப்புறம் கேவுரு மாவின் மண்வாசம், கடைசியில் அடித்தொண்டையில் மெல்லிய புளிப்பு. மோர் ஊற்றவா என்று கடைக்கார அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். "மொதல்ல மோர் இல்லாம குடிக்கிறவங்களுக்குத்தான் கூழு தெரியும்ணா" என்றார். இந்தக் கடையை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமே அந்தப் பேச்சுதான். கூழுக்குப் புளிப்பு மாவிலிருந்து வரவேண்டும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்கிறார்.

இன்று நாம் குடிக்கிற கூழுக்கு அவர் முந்தாநாள் மதியமே மாவைக் கரைத்துவிடுகிறார். மலையிலிருந்து இறங்கும் கேழ்வரகை வாங்கிக் கழுவி, காயவைத்து, மாவுமில்லில் கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கச் சொல்கிறார். கரைக்கும்போது பழைய பானையில் மிச்சமிருக்கும் புளித்த தண்ணீரில் ஒரு குவளை சேர்க்கிறார். மறுநாள் பார்த்தால் கரைசலின் மேல் நுரை கட்டியிருக்கும். நொய்யைக் குழைய வேகவைத்து, இந்தக் கரைசலை அதில் ஊற்றி, துடுப்பால் கைவிடாமல் கிண்டுவார். நனைத்த கையால் தொட்டுப் பார்த்து ஒட்டாமல் வந்தால்தான் அடுப்பிலிருந்து இறக்குவார். அதோடு முடியவில்லை. ஆறியதை மண்பானைக்கு மாற்றி இன்னோர் இரவு வைக்கிறார். ஆக, மாவாக ஒரு புளிப்பு, வெந்த பிறகு பானையில் இன்னொரு புளிப்பு. இந்த இரண்டாவது புளிப்பைப் பல கடைகள் விட்டுவிடுகின்றன.

நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில், பெயர் வேண்டாம், அன்று காலை கிண்டிய கூழில் கெட்டுப்போன மோரை ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு நான் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். புளித்த கூழுக்கும் கெட்டுப்போன மோருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் கூழ்ப்பானையைத் தொடவே கூடாது. இதை நான் கோபமாகத்தான் சொல்கிறேன். வெயிலில் வேலை பார்த்துவிட்டு நம்பி வந்து குடிக்கிறவன் வயிறு அது.

எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போகிறவர்கள் அதிகம். கம்மவான்பேட்டையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நானும் போனவன்தான். சிக்கிமில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே குளிர்காலத்தில் தோங்பா என்று ஒன்று கொடுப்பார்கள். மூங்கில் குவளை நிறையப் புளித்த தானியம், அதன் மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். சற்று நேரம் பொறுத்து, நுனியில் சிறு கீறல்கள் போட்ட மூங்கில் குழாயால் உறிஞ்ச வேண்டும். குடிக்கக் குடிக்க மறுபடியும் வெந்நீர் ஊற்றுவார்கள், சாறு தீரும் வரைக்கும். குவளைக்குள் விரலை விட்டு ஒரு மணியை எடுத்துப் பார்த்தேன். நம் கேழ்வரகு! அவர்கள் கோதோ என்கிறார்கள். வேகவைத்த முழுத் தானியத்தில் மர்ச்சா என்ற ஈஸ்ட் வில்லையைத் தூவி, பல நாள் மூடிவைத்து அதைச் சாராயமாக்குகிறார்கள். நம் பானையில் அந்த வேலைக்கு வருவது பெரும்பாலும் தயிரைப் புளிக்கவைக்கும் இனத்து நுண்ணுயிர்கள். அதனால்தான் கூழ் போதை தராமல் புளிப்பைத் தருகிறது. ஒரே தானியம், பனிமலையில் உடம்பைச் சூடாக்கவும் நாற்பது டிகிரி வேலூரில் குளிரவைக்கவும் பயன்படுவதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. தோங்பா குடித்த இரவுகளில் எனக்கு ஊர்க்கூழ் ஞாபகம்தான் வந்தது.

முளைகட்டிய கேழ்வரகில் செய்தால் இன்னும் சத்து என்பார்களே, அதைப் பற்றியும் அந்த அம்மாவிடம் கேட்டேன். ஒருமுறை செய்து பார்த்தாராம், தண்ணீராக இளகிவிட்டதாம். அது அப்படித்தான் ஆகும். முளைவிடும்போது தானியத்தில் ஊறும் நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிவிடும். குழந்தைக் கஞ்சிக்கு அது நல்லது. காலையில் குடித்துவிட்டு மதியம் வரை கழனியில் நிற்பவருக்கு இந்தக் கட்டிக் கூழ்தான் தாங்கும்.

தொட்டுக்கொள்வதற்கு வருவோம். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கேட்காமலே வரும். மோர்மிளகாய் சுமார். வேர்க்கடலைத் துவையல் அருமை. கடலையை அவரே வறுத்து, காய்ந்த மிளகாயும் புளியும் வைத்து அம்மியில் அரைக்கிறார். முருங்கைக்கீரை செவ்வாய், வெள்ளியில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நெத்திலிக் கருவாடும் முள்ளு கத்திரிக்காயும் போட்டு ஒரு தொக்கு செய்கிறார். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்களுக்கு அதற்கு முன்பே அது இல்லாமல் கருவாட்டுக் குழம்பு கிடையாது. காய் வெண்ணெய் மாதிரி குழைந்திருக்கும், ஆனால் கருவாட்டை இன்னும் இரண்டு தண்ணீர் அலசலாம். உப்பு தூக்கலாக இருக்கிறது. இதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

ஒரு சொம்பு கூழ் 30 ரூபாய். தொக்குக்கு மேலே 10. மற்றதெல்லாம் கூழோடு சேர்த்தி.

எப்போது போக வேண்டும் என்பது முக்கியம். எட்டிலிருந்து பத்து மணிக்குள் போனால் புளிப்பு சரியாக இருக்கும். பதினொன்றைத் தாண்டினால், அதுவும் சித்திரை வைகாசியில், நாக்கு கூசும். எனக்கு அதுவும் பிடிக்கும், என் மனைவிக்குப் பிடிக்காது. அக்கினி நட்சத்திர நாட்களில் மதியம் கரைப்பதை நிறுத்திவிட்டு இரவில்தான் மாவு கரைக்கிறார், சூட்டில் சீக்கிரம் பொங்கிவிடும் என்பதால். மார்கழியில் பானைக்குக் கோணிப்பை சுற்றி அடுப்போரம் வைக்கிறார். அப்படியும் அடைமழை நாட்களில் கூழ் கொஞ்சம் மந்தமாக, களியைக் கரைத்தது போல இருக்கும். அந்த நாட்களில் மட்டும் மோர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உட்கார இடமில்லை. மரத்தடியில் இரண்டு கல் கிடக்கிறது, முட்டிவலிக்காரர்கள் நின்றுகொண்டுதான் குடிக்க வேண்டும். போன கோடையில் யாரோ சொன்னார்கள் என்று ஐஸ்கட்டி போட ஆரம்பித்தார். மண்பானையே கசிந்து கசிந்து தன்னைத் தானே குளிரவைத்துக்கொள்ளும்போது ஐஸ் எதற்கு? புளிப்பையும் மாவின் ருசியையும் அது அமுக்கிவிடுகிறது. நாங்கள் நாலைந்து பேர் சொன்ன பிறகு கேட்பவர்களுக்கு மட்டும் போடுகிறார். பார்சலை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறார், அது நல்லதில்லை. வீட்டிலிருந்து தூக்கு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். தூக்கோடு போனால் அரைக் கரண்டி கூடவே ஊற்றுகிறார்.

ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் போக வேண்டாம், கடை இருக்காது. ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், அதற்கு அண்டா அண்டாவாகக் கிண்டுவதும் இவர்தான். போன ஆடியில் கோயிலுக்கே போய் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தேன். வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே, அத்தனை பேருக்கு ஊற்றிய கூழிலும் அந்த இரண்டாவது புளிப்பு இருந்தது.

வீட்டில் எனக்கு இந்தக் கூழ் வந்ததே இல்லை. மாவும் இதே மாவு, நொய்யும் அதே அளவு, ஆனாலும் களியின் ருசிதான் வந்தது. அவரிடம் சொன்னேன். "பானை புதுசா இருக்கும்ணா" என்று சொல்லிவிட்டு, தன் பானையிலிருந்து புளித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. சோப்புப் போட்டுப் பானையைக் கழுவாதீர்கள், தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் கவிழ்த்தால் போதும் என்றும் சொன்னார். முதல் தடவை நுரை வரவில்லை. இரண்டாவது தடவை ஓரத்தில் மட்டும் வந்தது. நேற்று மதியம் என் மனைவி மூன்றாவது தடவையாகக் கரைத்து வைத்தாள். இன்று காலை மூடியைத் திறந்தால் பானை முழுக்க நுரை.